பழுதுபார்த்த பிறகு ஸ்டார்ட் ஆகாத பழைய ராணுவ டிரக்: கோளாறை எங்கிருந்து தேடுவது

பழுதுபார்ப்புக்கு முன் தட்டுத் தடுமாறியாவது ஓடிக்கொண்டிருந்த ராணுவ டிரக், வேலை முடிந்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கடைசியாகக் கைபட்ட இடத்திலேயே இருக்கும். வண்டிக்கு வயதாகிவிட்டதால் தொடர்பே இல்லாத ஏதோ ஒரு பாகம் சரியாக அதே நாளில் தானாகக் கெட்டிருக்கும் என்று நினைப்பதற்குக் காரணம் குறைவு. ஆனாலும் பலர் புதிய காயில், புதிய பம்ப், புதிய பேட்டரி என்று மாட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு புதிய பாகமும் வண்டிக்குள் இன்னொரு சந்தேகத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், இந்த வேலையில் எவையெல்லாம் கழற்றப்பட்டன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழுதான பாகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அதை எட்டுவதற்காக வழியிலிருந்து விலக்கி வைத்தவற்றையும் எழுத வேண்டும். மறதி நேர்வது பெரும்பாலும் அங்கேதான். கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கியவர் கிளட்சைச் சரியாகவே பூட்டியிருப்பார், ஆனால் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் உறை) போல்ட்டோடு சேர்ந்து வந்த எர்த் பட்டையை, அதாவது எஞ்சினைச் சேசிஸோடு மின்னிணைப்பு செய்யும் பட்டையை, திரும்ப மாட்டியிருக்க மாட்டார்.

அமெரிக்க ராணுவ வண்டியாக இருந்தால் அதன் தொழில்நுட்பக் கையேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. டிரக்குக்கு டி.எம். 9-801, டாட்ஜ் எம்37-க்கு டி.எம். 9-8030, எம்35 குடும்பத்துக்கு டி.எம். 9-2320-209 வரிசை. எம்37, எம்35 போன்ற, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எம் வரிசை வண்டிகளில் மின்கம்பிகளின் முனைகளில் எண் பொறித்த சிறிய உலோகத் தகடு இருக்கும்; இக்னிஷனுக்குச் செல்லும் கம்பியின் எண் 12. வயரிங் வேலை செய்தவர் இந்தத் தகடுகளைக் கழற்றி எறிந்திருந்தால், அவரை மனத்துக்குள் திட்டிவிட்டு, கையேட்டிலுள்ள வரைபடத்தை வைத்து ஒவ்வொரு கம்பியையும் மீட்டரால் தொடர வேண்டியதுதான்.

சோதனை தொடங்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருக்கிறதா, தீயணைப்பான் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஹெட் கேஸ்கெட் வேலை நடந்திருந்து சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால், இழுத்த வேகத்தில் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது

எம் வரிசை வண்டிகள் 24 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில் இரண்டும் சேர்ந்து சுமார் 25.2 வோல்ட் காட்ட வேண்டும். மொத்த அளவை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக, அதுவும் செல்ஃப் சுற்றும்போது, அளந்து பாருங்கள். ஒன்று 11 வோல்ட்டில் நிற்க மற்றொன்று 6-க்குச் சரிந்தால், சரிந்த பேட்டரிதான் முழு மின்சுற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரணக் காரிலிருந்து 12 வோல்ட் கொடுத்து உதவ முயல வேண்டாம். வண்டியில் ஸ்லேவ் சாக்கெட் (வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்வதற்கான இணைப்பு) இருந்தால் அதற்கும் 24 வோல்ட்தான் கொடுக்க வேண்டும்.

பழுதுபார்த்த வண்டிகளில், அதிலும் புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில், நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். எஞ்சின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கும் அதற்கும் இடையே மின்சாரம் போக ஒரு பட்டையோ கேபிளோதான் வழி. அந்தப் பட்டையை அழகான புதுப் பெயின்ட் மேல் வைத்து முறுக்கிவிட்டால், விளக்கு எரியும், கேஜ் முள் நகரும், ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும் செல்ஃப் மோட்டார் மட்டும் ஒரு கிளிக் சத்தத்தோடு நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். பட்டையே இல்லாத நிலையில் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும்; செல்ஃப் அடித்ததும் அந்த கேபிள்கள் சூடேறினால் வேறு சாட்சி தேவையில்லை.

சி.சி.கே.டபிள்யூ. போன்ற இரண்டாம் உலகப் போர்க் கால வண்டிகளில் பல 6 வோல்ட்டில் இயங்குபவை. அதே வேலைக்கு அவற்றுக்கு இன்னும் அதிக ஆம்பியர் தேவைப்படுவதால், பழைய தடித்த கேபிளை எடுத்துவிட்டு இன்றைய 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிளை மாட்டியிருந்தால், பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எஞ்சின் சோம்பலாகத்தான் சுற்றும்.

பெட்ரோல் எஞ்சின்: சுற்றுகிறது, பற்றவில்லை

ஒரு பிளக்கைக் கழற்றி, எஞ்சினில் எர்த் செய்து, பொறி வருகிறதா என்று பார்ப்பது வழக்கமான முதல் சோதனை. திறந்த பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால், சோதிக்கும் பிளக்கை அவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். 24 வோல்ட் ராணுவ வண்டிகளில் இந்தச் சோதனையே சற்றுச் சிக்கலானது. எம்37 டிரக்கிலும் எம்38ஏ1 ஜீப்பிலும் பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் காயில், பாயின்ட், கண்டென்சர் எல்லாம், அதை பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே, தண்ணீர் புகாதபடி மூடிய நிலையில் இருக்கும். பிளக் கம்பிகள் உலோக உறைக்குள் ஓடி, பிளக்கின் தலையில் மரையால் முறுக்கப்படும். பிளக்கின் உட்புறத்தில் ஒரு பீங்கான் குழல் உண்டு. பழுதுபார்க்கும்போது அது விரிசல்விட்டாலோ தொலைந்தாலோ, உயர் அழுத்த மின்சாரம் பிளக் இடைவெளிக்குப் போகாமல் உறை வழியாகவே எர்த் ஆகிவிடும். எந்த மூலையிலும் பொறி வெளியே தெரியாது என்பதால், காயில் கெட்டுவிட்டது என்றே தோன்றும்.

காயிலைக் குறை சொல்வதற்கு முன் 12 எண் கம்பியில் 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் உறை கொண்ட அந்த இணைப்பான்கள் வெளியே முழுதாக நுழைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே தொடாமல் நிற்பதுண்டு. மின்சாரம் வருகிறது என்றால் பாயின்ட்டைப் பாருங்கள். புதிய பாயின்ட்டுகளில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும். சுத்தமான தடித்த தாளை இடையில் வைத்து ஒரு முறை இழுத்தால் போய்விடும். இடைவெளி ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், ஆனாலும் இறுதி வார்த்தை கையேட்டினுடையது. யாராவது 12 வோல்ட் காயிலை 24 வோல்ட்டில் மாட்டியிருந்தால், அது கொஞ்ச நேரம் பொறி தந்துவிட்டுச் சூடேறிச் செயலிழக்கும்.

பொறி நன்றாக வருகிறது, ஆனால் கார்புரேட்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ வெடிக்கிறது என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு முழு வேலை முடிகிறது; ஆகவே டைமிங் குறி, கம்ப்ரஷன் முடிவிலும் புகை வெளியேற்றத்தின் முடிவிலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். குறியை மட்டும் நம்பி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கியவர் பாதி வாய்ப்பில் தவறியிருப்பார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் அடைத்து, காற்று விரலைத் தள்ளுகிற சுற்றில் குறியை நிறுத்துங்கள். அப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் முதல் சிலிண்டர் கம்பியைக் காட்ட வேண்டும். பிறகு சிலிண்டர்கள் பற்றும் வரிசைப்படி கம்பிகள் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஜி.எம்.சி. 270, எம்37-இன் டாட்ஜ் எஞ்சின் இரண்டிலும் 1-5-3-6-2-4.

பெட்ரோல் வந்து சேர்கிறதா என்பது எளிய கேள்வி. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, இக்னிஷனை அணைத்து வைத்துக்கொண்டு, செல்ஃப் அடித்தால் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால், பம்பைக் கழற்றி மாட்டியபோது அதன் நெம்புகோல் கேம்மின் தவறான பக்கத்தில் போய்விட்டதா என்றும், தொட்டியிலிருந்து பம்ப் வரையுள்ள இணைப்புகள் காற்றை இழுக்கின்றனவா என்றும் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு எரிபொருளைச் சொட்டவிடாது, காற்றைத்தான் உள்ளே விடும். கண்ணால் தேடிப் பயனில்லை.

டீசல் மற்றும் மல்டிஃபியூயல்

எம்35ஏ2-இல் பெரும்பாலும் இருப்பது எல்டிடி-465 மல்டிஃபியூயல் எஞ்சின், அதாவது டீசல் போலவே இயங்கி, பல வகை எரிபொருள்களை ஏற்கும் எஞ்சின். இதில் முதலில் பார்க்க வேண்டியது, வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது: எஞ்சின் ஸ்டாப் கேபிள். குமிழ் உள்ளே போயிருந்தாலும், பம்பின் பக்கத்தில் நெம்புகோல் முழுதாகத் திரும்பாமல் நின்றால் எரிபொருள் போகாது. பானட்டைத் திறந்து கையால் நகர்த்திப் பாருங்கள். அடுத்து, சுவிட்சைப் போட்டதும் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும்.

ஃபில்டர் மாற்றிய பிறகோ குழாய் கழற்றிய பிறகோ ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏர் லாக் (குழாயில் காற்று அடைத்து எரிபொருளைத் தடுப்பது) என்றே கொள்ளலாம். தொட்டிப் பம்ப் ஓடிக்கொண்டிருக்க, ஃபில்டர்களின் காற்று நீக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குமிழி இல்லாத எரிபொருள் வரும்வரை விடுங்கள். அதன் பிறகு, சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் நாசில்களில் குழாய் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, எரிபொருள் கசியும்வரை செல்ஃப் அடித்து, திரும்ப முறுக்குங்கள். ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் செல்ஃப் மோட்டார் ஆற ஓரிரு நிமிடம் விடுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. நாசில் அழுத்தத்தில் பாயும் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம்.

காற்று நீக்கிய பிறகும் பற்றவில்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால் எரிபொருள் சிலிண்டரை எட்டிவிட்டது, ஆனால் எரியப் போதிய வெப்பம் இல்லை: மெதுவான சுழற்சி, தவறிய பம்ப் டைமிங், மிக இறுக்கமாக வைத்த வால்வு இடைவெளி என்று தேட வேண்டும். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 22:1. அந்த அழுத்தத்தை மெதுவாகச் சுற்றி எட்ட முடியாது. புகையே இல்லை என்றால் எரிபொருள் பக்கத்துக்கே திரும்புங்கள். எளிதில் பற்றும் ஈதர் ஸ்ப்ரேயைக் காற்று நுழைவாயிலில் தெளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் தீ ஹீட்டர் உள்ள எஞ்சினில் அது வெடிப்பாக முடியலாம், பிஸ்டன் வளையங்களையும் உடைக்கலாம்.

இன்ஜெக்‌ஷன் பம்பில் கை வைத்திருந்தால், முதல் ஸ்டார்ட்டின்போது காற்று நுழைவாயிலை முழுதாக மூடக்கூடிய தட்டையான பலகையோடு ஒருவர் அருகில் நிற்கட்டும். வேகக் கட்டுப்பாடு இழந்து எஞ்சின் ஓட ஆரம்பித்தால் ஸ்டாப் கேபிள் வேலை செய்யாமல் போகலாம். காற்றை அடைப்பது ஒன்றே அப்போது உதவும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதலில் ஆயில் அழுத்தத்தைப் பாருங்கள். சில விநாடிகளில் முள் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சோதனைக்காக பேட்டரியிலிருந்து இக்னிஷனுக்கு நேரடியாக இழுத்த கம்பி ஏதாவது இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, வண்டியின் சொந்த சுவிட்சாலேயே ஒரு முறை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள்.