ரெப்போவுக்குள் ரெப்போ: கிட் சப்மாட்யூல் அமைப்பது எப்படி?

கிண்டியிலும் பரங்கிமலையிலும் மெட்ரோவும் புறநகர் ரயிலும் சந்திக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் செயலி எழுதினாலும் நிலைய வரைபடத்துக்கான நிரல் ஒன்றுதான். அதை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்தால், ஒன்றில் திருத்தியது மற்றதில் இருக்காது. வரைபடத்தைத் தனி ரெப்போவாக்கி (மாற்றங்களைக் கிட் என்ற கருவி பதிவு செய்துவரும் ஃபோல்டர்தான் ரெப்போ), இரண்டு செயலிக்குள்ளும் சப்மாட்யூலாக, அதாவது உள்ளே இருக்கும் தனி ரெப்போவாக, சேர்த்துவிடுங்கள்.

முதலில் டெர்மினலில் மெட்ரோ செயலியின் ஃபோல்டருக்குப் போங்கள். 'கிட் சப்மாட்யூல் ஆட்' என்று அடித்து, வரைபட ரெப்போவின் முகவரியையும், அது இருக்க வேண்டிய இடத்தையும் ('பொது/வரைபடம்' என்று வைத்துக்கொள்வோம்) கொடுங்கள். இதை விட்டுவிட்டு, அங்கே வெறுமனே க்ளோன் செய்து (ரெப்போவை நகலெடுத்து) 'கிட் ஆட்' கொடுக்காதீர்கள். கிட் எச்சரிக்கும், ஆனாலும் சேர்த்துக்கொள்ளும். முகவரி எங்கும் பதிவாகாததால் மற்றவர்களுக்கு அந்த ஃபோல்டர் காலியாகத்தான் வரும்.

இப்போது '.கிட்மாட்யூல்ஸ்' என்ற சின்னக் கோப்பு உருவாகியிருக்கும். திறந்து பாருங்கள்: 'பாத்' வரியில் இடம், 'யூஆர்எல்' வரியில் முகவரி. சரி, கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து) புஷ் கொடுங்கள் (சர்வருக்கு அனுப்புங்கள்). புறநகர் செயலியிலும் இதையே செய்யுங்கள்.

இதை மட்டும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளி ரெப்போவில் வரைபடத்தின் கோப்புகள் எதுவும் கிடையாது. 'வரைபடத்தின் இந்த கமிட்' என்ற அடையாளம் மட்டுமே இருக்கிறது. சப்மாட்யூலில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

தரமணியில் இருக்கும் நண்பர் க்ளோன் செய்யும்போது '--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்' சேர்க்க வேண்டும். மறந்துவிட்டால் 'கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்' போதும்.

அப்படி எடுத்த வரைபடம் எந்தக் கிளையிலும் நிற்காது. ஒரு கமிட்டில் நிற்கும். அதனால் திருத்தும் முன் உள்ளே போய் 'கிட் ஸ்விட்ச் மெயின்', 'கிட் புல்' இரண்டையும் கொடுங்கள். திருத்தியதும் முதலில் உள்ளே கமிட், புஷ். அப்புறம் வெளியே வந்து 'கிட் ஆட் பொது/வரைபடம்', கமிட், புஷ். வெளியே மட்டும் புஷ் செய்தால், சர்வரில் இல்லாத கமிட்டைத் தேடி நண்பருக்குப் பிழைதான் வரும். 'கிட் கான்ஃபிக் புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் செக்' கொடுத்து வைத்தால், அப்படிப்பட்ட புஷ்ஷைக் கிட் தானே தடுத்துவிடும். ஆரம்பத்திலேயே இதைப் போட்டுவிடுங்கள்.

புறநகர் செயலி பழைய கமிட்டிலேயே இருக்கும். அங்கேயும் புதியது வேண்டுமென்றால் 'கிட் சப்மாட்யூல் அப்டேட் --ரிமோட்' ஓட்டி, சோதித்துப் பார்த்துவிட்டு கமிட் செய்யுங்கள்.