காரணம் பிடிபடாத கை கால் பலவீனம்: நோயைக் கண்டுபிடிக்கத் தடையாகும் தவறுகள்

"டாக்டர், உடம்பெல்லாம் அசதியா இருக்கு, நரம்புத் தளர்ச்சின்னு நினைக்கிறேன்." பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறே அதுதான். நரம்புத் தளர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் கை நடுக்கம், ரத்தசோகை, தூக்கமின்மை, மனக்கவலை எல்லாம் அடங்கிவிடும். நரம்பியல் டாக்டருக்கு அதை வைத்து எதுவும் பிடிபடாது. அசதி வேறு, பலவீனம் வேறு. மாடி ஏறி முடித்ததும் களைத்துப்போகிறது என்றால் அது அசதி. கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல் அடுத்த படிக்கு ஏறவே முடியவில்லை என்றால் அது பலவீனம்.

எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். தலை சீவக் கை உயரவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்றால் தோள், இடுப்புத் தசைகளைப் பார்ப்பார்கள். பெரும்பாலான தசை நோய்கள் அங்கேதான் தொடங்கும். நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுகிறதா? கழன்றது தெரிந்ததா, தெரியவில்லையா? தெரிந்தும் பிடித்துவைக்க முடியவில்லை என்றால் பலவீனம். நாலடி தள்ளிப்போய்த்தான் தெரிந்தது என்றால் உணர்ச்சிக் குறைவு. சில்லறைக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பல ஸ்கேன்கள் சொல்லாததை இது சொல்லிவிடும்.

நேரத்தையும் பலர் குறித்துவைப்பதில்லை. நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச்சேராத மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில் காலையில் எல்லாம் சரியாக இருக்கும். மாலையாக ஆக இமை இறங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். காலை பத்து மணிக்கு டாக்டர் பார்க்கும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது. இமை இறங்கிய நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தொந்தரவு எத்தனை நாளில் வளர்ந்தது என்பதும் முக்கியம். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயில் பலவீனம் 4 வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். 8 வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால் தேட வேண்டியது வேறு நோயை.

அடுத்தது, டாக்டரைப் பார்க்கும் முன்பே சத்து ஊசி போட்டுக்கொள்வது. கால் மரத்துப்போனதும் பி12 ஊசி போட்டுவிட்டு, அப்புறம் ரத்தம் கொடுத்தால் அளவு நன்றாகத்தான் காட்டும். குறைபாடு இருந்ததா என்பதே தெரியாமல் போகும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிடுவது இன்னும் மோசம். ரத்தசோகை சரியாகிவிடும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டும் அப்படித்தான், தசைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கினால் முடிவு மாறிப்போகலாம்.

ஒரு பரிசோதனை 'நார்மல்' என்று வந்ததும் நோயே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நரம்பில் மின்சமிக்ஞை எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை, நரம்பின் பெரிய இழைகளைத்தான் அளக்கும். பாதம் எரிகிறது, ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்றால் சிறு இழைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். கில்லன் பாரேயிலும் முதல் வாரத்தில் இந்தப் பரிசோதனை பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். மயஸ்தீனியா கண்ணோடு நிற்கும்போது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கும் வழக்கமான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ரத்தத்தில் தென்படுவதில்லை.

தப்பான இடத்தை ஸ்கேன் செய்வதும் நடக்கிறது. கால் விறைக்கிறது, நடை தடுமாறுகிறது என்றதும் கீழ்முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்து, அதில் தெரிந்த ஒரு டிஸ்க் வீக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த வீக்கம் இருக்கும். உண்மையில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். கூடவே விரல்களும் மக்கராகிவிட்டன, பொத்தான் போட முடியவில்லை என்றால் "கழுத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற என்சைம்கள் கூடியிருந்தால் எல்லோரும் கல்லீரலைத்தான் துருவுவார்கள். இவை இரண்டும் தசையிலும் இருப்பவை. தசை நோய் உள்ள சிலர் மாதக்கணக்கில் கல்லீரல் டாக்டரிடம் அலைவது இதனால்தான். தசையிலிருந்து கசியும் என்சைமை அளக்கும் சிகே என்ற எளிய ரத்தப் பரிசோதனை வழியைக் காட்டிவிடும். அதற்கு முந்தைய நாள்களில் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசையில் ஊசியும் வேண்டாம். இரண்டுமே அளவை ஏற்றிவிடும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரவு ஒரு மணிக்குச் சதை துடிப்பதைப் பற்றி இணையத்தில் தேடி ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய்) என்று முடிவுகட்டுவது எனக்குப் புரிகிறது. ஆனால் பலவீனமோ சதை மெலிவோ இல்லாமல், இமையும் கெண்டைக்காலும் வெறுமனே துடிப்பது பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

இத்தனையும் பொறுமையாகத் தேட நேரம் இருப்பவர்களுக்கு. திடீரென்று ஒரு பக்கக் கை கால் செயலிழந்துவிட்டாலோ, சில நாளில் பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினாலோ, விழுங்க முடியாமல் புரையேறினாலோ, சிறுநீர் கட்டுக்குள் இல்லை, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறது என்றாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிறவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, 98 காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். மூச்சுத் தசை தளரும்போது அந்த எண் கடைசியில்தான் இறங்கும்.