பழைய டி-ஷர்ட்டில் பின்னல் மிதியடி

சாயம் போன டி-ஷர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் எடுத்து, 3 செ.மீ. அகலத்தில் குறுக்குவாக்கில் வெட்டுங்கள். வளையமாக வரும் பட்டையை ஓரிடத்தில் கத்தரித்து ஒரு இழு இழுத்தால், ஓரங்கள் தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மடித்துத் தைக்கும் வேலை மிச்சம்! நெடுக்காக வெட்டினால் இப்படிச் சரியாக வராது.

அப்புறம் மூன்று பட்டைகளைச் சேர்த்துச் சடை பின்னி, நத்தைக் கூடு போலச் சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் கைத்தையல் போடுங்கள். மேசைமேல் தட்டையாக வைத்துத்தான் தைக்க வேண்டும். வளைவுகளில் பின்னலை இறுக்கினால் ஓரம் கிண்ணம் மாதிரி தூக்கிக்கொள்ளும். என் முதல் மிதியடி அப்படித்தான் ஆனது. சரி, இப்போது அதில் சாவிக்கொத்து கிடக்கிறது.