ஃபோர்சைட் பண்றப்போ நம்பரையும் நிபுணர் பேச்சையும் எப்படி சேக்கறது

ஃபோர்சைட்னா ஒரு தொழில்நுட்பம் எதிர்காலத்துல எப்படி போகும்னு முன்கூட்டியே ஆராயறது. நிறைய ஃபோர்சைட் ரிப்போர்ட்ல முதல் பாதி பேட்டன்ட் கிராஃப், ரெண்டாவது பாதி நிபுணர் பேட்டி, ரெண்டுக்கும் ஒட்டே இருக்காது. நம்பர்ல வர்ற சந்தேகம் ஆளுங்ககிட்ட கேள்வியா போகணும், அவங்க பதில் திரும்ப கணக்குக்குள்ள வரணும், அப்பதான் அது மிக்ஸ்டு மெத்தட், அதாவது ரெண்டு வழியும் கலந்த ஆராய்ச்சி.

உதாரணத்துக்கு, லித்தியத்துக்கு பதிலா சோடியம் வச்சு செய்யற சோடியம் அயன் பேட்டரிய எடுத்துக்கங்க. எஸ்பாஸ்நெட்ங்கற பேட்டன்ட் தேடற தளத்துல, பேட்டரிக்கான எச்01எம் (H01M) கோடோட சோடியம்னு தேடி வருஷவாரியா எண்ணுங்க. கடைசில கிராஃப் பொத்துனு விழும், பயந்துடாதீங்க, பேட்டன்ட் விண்ணப்பம் போட்டப்புறம் அது வெளிய வரவே பொதுவா 18 மாசம் ஆகும், அதனால அந்த கடைசி பகுதிய கணக்குல சேக்காதீங்க. இந்த லிஸ்ட்ல அடிக்கடி வர்ற பேருங்கதான் பேட்டிக்கு முதல் ஆளுங்க. ஆனா கண்டுபிடிக்கறவங்கள மட்டும் கேட்டா எல்லாமே நல்லா வரும்னுதான் சொல்வாங்க, அதனால பேட்டரி செல் வாங்குற கம்பெனி ஆளு, மின்சார கிரிட் இன்ஜினியர், மூலப்பொருள் வியாபாரி இவங்களயும் கட்டாயம் சேருங்க.

அடுத்தது டெல்ஃபி, நிபுணர்கள்கிட்ட பல ரவுண்டா கருத்து கேக்கற முறை. 1950கள்ல ராண்ட்ங்கற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்துல உருவானது, ஜப்பான் 1971லருந்து தேசிய அளவுல இத வச்சு சர்வே எடுக்குது. பேர் வெளிய தெரியாம எல்லார்கிட்டயும் இந்த பேட்டரி எந்த வருஷம் பரவலா வரும்னு கேட்டு, தொகுத்த பதில அவங்களுக்கே காட்டி மறுபடி கேப்போம். இங்கதான் பலபேர் மீடியன (பதில்கள வரிசையா வச்சா நடுவுல வர்ற எண்ண) எடுத்துட்டு கிளம்பிடறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, பாதி பேர் 2030, பாதி பேர் 2044னு சொன்னா மீடியன் 2037, ஆனா அத ஒருத்தர்கூட சொல்லல! பதில் ரெண்டு கூட்டமா பிரிஞ்சா ரெண்டு பக்கமும் ஏன்னு எழுத சொல்லுங்க, அந்த காரணங்கள அடுத்த ரவுண்டுல எல்லாருக்கும் அனுப்புங்க. என்னை கேட்டா மொத்த ஆராய்ச்சிலயும் மதிப்புள்ள டேட்டா அந்த ஏன்தான்.

அந்த காரணங்கள்ல லித்தியம் விலை வந்துச்சுன்னு வைங்க. சீனாவுல லித்தியம் கார்பனேட் 2022 கடைசில டன்னுக்கு 5 லட்சம் யுவானுக்கு மேல போச்சு, 2023 முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு லட்சத்துக்கு இறங்கிடுச்சு, சோடியம் மலிவுங்கற வாதமே ஆட்டம் கண்டுச்சு. அப்போ சினாரியோவ, அதாவது எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாங்கற கதைகள, நல்ல காலம் கெட்ட காலம்னு எழுதாம லித்தியம் விலைய வச்சே பிரிங்க, எந்த விலைக்கு மேல போனா சோடியம் ஜெயிக்கும்னு ஷீட்ல கணக்கு போட்டு, அந்த எண்ண அதே நிபுணர்கள்கிட்ட காட்டி இது நடக்கற காரியமான்னு கேளுங்க, அவங்க நடக்காதுன்னு சொன்னா எந்த செலவ விட்டுட்டோம்னு கேட்டு ஷீட்ட திருத்துங்க.