சபையில் ஏழைகள் நிதி சேர்ப்பது எப்படி: பிடி அரிசி, பண்டிகை ஏலம், கணக்கு

சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையில் பதினோரு வருஷமாக ஏழைகள் நிதிக்குக் கணக்கு எழுதி வருகிறேன். எண்பது குடும்பம். பாதிப் பேருக்குப் பனையும் முருங்கையும்தான் பிழைப்பு. பக்கத்துச் சேகரத்தில் (ஒரு குருவின் கீழ் உள்ள சில சபைகள்) புதிதாகப் பொருளாளர் ஆன தங்கச்சி ஒருத்தி, "அக்கா, எதிலிருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேவையை எண்ணி எழுதுங்கள். "ஏழைகளுக்குத் தாராளமாய்க் கொடுங்கள்" என்று பொதுவாக அறிவித்தால் காணிக்கைப் பைக்குள் பத்து ரூபாய்த் தாள்தான் விழும். "ஜூன் மாதம் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்க வேண்டும், பிள்ளைக்கு 850 ரூபாய்" என்று சொல்லிப் பாருங்கள். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போதே மூன்று பேர் வந்து, "ஒரு பிள்ளை என் பொறுப்பு" என்பார்கள்.

பணம் கொடுக்க முடியாத வீடுகளையும் சேர்த்துக்கொள்ளப் பிடி அரிசியைப் போல வேறு வழி இல்லை. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டுவைப்பது. மிசோரம் சபைகளில் பெண்கள் 1910-ல் இதைத் தொடங்கி இன்றுவரை விடவில்லை. நம் திருநெல்வேலிக்காரர்கள் 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நம்மவர் காசை நம்பியே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். சின்னக் கைகள் கொடுப்பதை ஒருநாளும் குறைவாக நினைக்காதீர்கள்.

ஒரு பிடி சுமார் 50 கிராம். எண்பது வீட்டிலும் தினம் போட்டால் மாதம் 120 கிலோ வர வேண்டும். எங்களுக்கு 70 வந்தால் அதிகம். ஏன் குறைந்தது என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாளியோடு போய் வாங்கி வருவார்கள். வாளி மூன்று வேண்டும்: ரேஷன் அரிசி, புழுங்கல், பச்சரிசி. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று வேகும், ஒன்று குழையும். மாதக் கடைசியில் வெயிலில் காயவைத்து, புடைத்து, வேப்பிலை போட்டுக் கட்டுங்கள். நம் வீட்டு உலையில் போடத் தயங்குகிற அரிசியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது.

மாதா மாதம் எங்களிடம் பத்துக் கிலோ வாங்குகிற பாட்டி ஒருவர் வீட்டிலும் டப்பா இருக்கிறது. அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். வாரா வாரம் அதில் கால்வாசி அரிசி இருக்கும். "உங்களுக்கு எதுக்குப் பாட்டி" என்று சொல்லி அதைத் திருப்பி வாங்கிவிடாதீர்கள்.

பெரிய தொகை வருவது, கடவுளுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போதுதான். வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, சேவல், சில வருஷம் ஆட்டுக்கிடாய்கூட வரும். ஒரு எலுமிச்சம்பழம் 500 ரூபாய்க்குப் போகும். அது கர்த்தருக்கு என்று மனசாரக் கூட்டிக் கேட்பது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் எனக்கு இன்றும் உறுத்துகிற சம்பவமும் அங்கேதான் நடந்தது. பனையேறுகிற ஒரு தம்பி, கூட்டத்தின் உற்சாகத்தில் ஒரு சேவலை 3,200 ரூபாய்க்குக் கேட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு பாக்கிப் பட்டியலில் அவன் பெயரை நானே வாசித்தேன். எட்டு மாதம் அவன் கோயிலுக்கு வரவில்லை. பிறகு நானும் சேகர குருவும் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் முறை இதுதான். பாக்கிப் பெயரைச் சபையில் வாசிப்பதில்லை. ஏலம் எடுத்தவரிடம் கையோடு சீட்டு எழுதிக் கொடுத்து, ஒரு மாதத் தவணை சொல்கிறோம். தாண்டினால் பொருளாளர் மட்டும் தனியே போய்ப் பேச வேண்டும். முடியாதவருக்குக் கமிட்டி தள்ளுபடி செய்யலாம். கூவுகிறவருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இருவர் மட்டும் போட்டி போட்டு ஏற்றினால், "முதல் தரம், இரண்டாம் தரம்" என்று சீக்கிரம் முடித்துவிட வேண்டும்.

காணிக்கையை எண்ணும்போது மூன்று பேர் இருக்கட்டும், மூவரும் ஒரே குடும்பமாக வேண்டாம். எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு என்று தாள்வாரியாக எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டிவிடுங்கள். பைபிளில் எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அழைத்துப் போனார். நமக்கு மட்டும் எதற்குத் தனி வழக்கம்?

கியூஆர் அட்டை சபைக் கணக்குக்கே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, அவசரத்தில் வாலிபர் சங்கத் தம்பி ஒருவனின் ஜிபே எண்ணைக் கொடுத்துவிட்டோம். அவன் நேர்மையான பிள்ளை. ஆனாலும் அவன் சம்பளமும் மாமா அனுப்பியதும் நிவாரணப் பணத்தோடு கலந்து, பிரித்து எழுத மூன்று ராத்திரி உட்கார்ந்தோம்.

வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்புவதில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். துபாயில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தில் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது, சொந்த ஊர்க்காரர் ஆனாலும், 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அனுமதி இல்லாத கணக்கில் அதை வாங்காதீர்கள். சேகரங்களுக்கு மேலே உள்ள திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கொடுத்த காணிக்கைக்கு வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) உண்டு என்றும் அனுமதி கையில் இல்லாமல் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.

வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரக்க வாசித்து, கோயில் பலகையிலும் ஒட்டுங்கள். அதில் "மருத்துவ உதவி, 2 பேர், 6,000" என்றுதான் இருக்க வேண்டும்; வாங்கியவர் பெயர் வேண்டாம். பெயர் உள்ள நோட்டு பொருளாளரிடமும் சேகர குருவிடமும் மட்டும் இருக்கட்டும். மேடையில் அரிசிப்பையைக் கொடுத்துப் போட்டோ எடுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்றும் பார்ப்பதில்லை. மழையில் எங்கள் தெருவில் முதலில் சுவர் இடிந்தது ஒரு இந்துக் குடும்பத்துக்கு, நாங்கள் கொடுத்த முதல் அடுப்பும் அங்கேதான் போனது.

அரிசியை இருட்டின பிறகு, இரண்டு பேராகக் கொண்டுபோங்கள். வாசலில் நின்று கூப்பிடாமல் கொல்லைப்பக்கமாகப் போய்ப் பின்திண்ணையில் வைத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காருங்கள். கருப்பட்டிக் காப்பி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள்.