தானே சாணை பிடித்துக்கொள்ளும் ஷேவர் பிளேடு: நாம் செய்து கெடுக்கும் தவறுகள்

காங்கேயத்தில் இருக்கும் எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மூன்று தலை ஷேவர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, சுத்தம் செய்து தருகிறேன் என்று எடுத்தேன். மூன்று மேல்தகடு, மூன்று கட்டர். எல்லாவற்றையும் கழற்றி ஒரே கிண்ணத்தில் போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, கைக்கு வந்த வரிசையில் திரும்ப மாட்டி வைத்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மறுநாள் காலையில் அப்புச்சி கூப்பிட்டார். "என்ன கண்ணு, மிஷினு முடியப் புடிச்சு இழுக்குது?"

தப்பு என்னுடையதுதான். அது ஏன் தப்பு என்று தெரிய வேண்டுமானால், பிளேடு எப்படித் தானே சாணை பிடித்துக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மின்சார ஷேவர் கத்தி மாதிரி முடியைச் சீவுவதில்லை. கத்தரி மாதிரி வெட்டுகிறது. மேல்தகட்டில் இருக்கும் மெல்லிய பிளவுக்குள் முடி நுழைகிறது. உள்ளே சுற்றுகிற கட்டரின் முனை அதைப் பிளவின் ஓரத்தோடு சேர்த்து நறுக்குகிறது. கட்டருக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங், அதை மேல்தகட்டின் உட்புறத்தோடு ஒட்டியே வைத்திருக்கும். அதனால் மிஷின் ஓடும் நேரமெல்லாம் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன.

உரசினால் மழுங்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துப் பாருங்கள். அதன் ஓரம் தேய்ந்து உருண்டு போயிருக்கும். தட்டையான பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தால், உருண்ட பகுதி கரைந்துபோய் ஓரம் மறுபடி கூர்மையாகி நிற்கும். கட்டரிலும் இதே கதைதான். முடியில் மோதி மோதி முனை உருளும். மேல்முகம் தகட்டில் தேயத் தேய உருண்ட பகுதி போய்ப் புது முனை வரும். 1939இல் பிலிப்ஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் உருவாக்கிய முதல் சுழல் ஷேவருக்கு ஒரே ஒரு தலைதான். தலைகள் பின்னால் கூடின, கட்டர் தகட்டுக்கு அடியில் சுற்றி நறுக்கும் ஏற்பாடு மாறவில்லை.

இனி அந்தக் கிண்ணத்துக்கு வருவோம். மாதக்கணக்கில் உரசும்போது ஒவ்வொரு கட்டரும் தன் மேல்தகட்டுக்குத் தகுந்தபடி தேய்ந்திருக்கும். வெளிச்சத்தில் மேல்தகட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், கட்டர் ஓடிய தடம் மெல்லிய வளையமாக மின்னும். அந்தத் தடம் அந்த ஜோடிக்கு மட்டும் உரியது. கிரைண்டரில் ஒரு வீட்டுக் குழவியை இன்னொரு வீட்டுக் கல்லில் போட்டு ஆட்டினால் மாவு எப்படி வரும்? ஜோடி மாறினால் முனையும் தகடும் எல்லா இடத்திலும் படியாது. இடைவெளி விழுந்த இடத்தில் முடி நறுங்காமல் மடங்கி, இழுபடும். எந்த ஜோடி எது என்று தெரியாமல் போய்விட்டால், அவை புதிதாக ஒன்றுக்கொன்று தேய்ந்து படியப் பல வாரங்கள் ஆகும். அப்புச்சி அத்தனை வாரமும் பொறுத்துக்கொண்டார். இப்போது சுத்தம் செய்யும் நாளில் அம்மிச்சியின் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்துக்கொள்கிறார். ஒரு குழியில் ஒரு ஜோடி. கழுவுவதும் ஒவ்வொரு ஜோடியாகத்தான். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இழுக்கிறது என்றவுடன் சிலர் செய்கிற வேலை இன்னும் மோசம். உப்புத்தாளில் தேய்ப்பது, சாணைக்காரரிடம் கொடுப்பது. கட்டரின் எல்லா முனைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் தகட்டில் படியும். கையால் தேய்த்தால் அந்த மட்டம் போய்விடும். சல்லடை போன்ற ஃபாயில் வைத்த ஷேவரில் இது நினைத்தே பார்க்கக் கூடாத காரியம். அந்தத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. சுத்தம் செய்கிற பிரஷை அதன் மேல் போடுவதும், முடித்தூள் உதிரட்டும் என்று வாஷ்பேசின் விளிம்பில் தட்டுவதும் வேண்டாம். ஒரு சின்ன நெளிவு போதும், அந்த இடத்தில் கட்டர் ஒட்டாது. முகத்தில் அழுத்தித் தேய்ப்பதும் இதே வகைதான். கட்டருக்கு வேண்டிய அழுத்தத்தை ஸ்பிரிங் கொடுத்துவிடுகிறது. நாம் அழுத்தினால் சூடும் தேய்மானமும் தோல் எரிச்சலும்தான் கூடும்.

நம் பக்கத்தில் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது. காங்கேயம், பல்லடம் பக்கம் போர்த் தண்ணீரில் கழுவுகிறவர்கள் குளியலறைக் குழாயைப் பார்த்தாலே புரியும். அதில் படிகிற அதே வெள்ளைப் படலம், ஈரத்தோடு மூடி வைத்த கட்டரிலும் படியும். உரசும் இரண்டு முகங்களுக்கு நடுவில் உப்புப் பொருக்கு உட்கார்ந்தால் எப்படிச் சரியாகச் சாணை பிடிக்கும்? தண்ணீரில் கழுவலாம் என்று குறி போட்ட மிஷினை மட்டும் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் செலவழியுங்கள். உதறிவிட்டு, தலையைத் திறந்தபடியே காயவிடுங்கள்.

அப்புறம் எண்ணெய். செக்கு எண்ணெய் மணக்கும் ஊரில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். வேண்டாம். மார்கழிக் காலையில் அது உறைந்து நிற்கும், நாளாக ஆகப் பிசுபிசுத்து முடித்தூளோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். எண்ணெய் விடச் சொல்லும் மிஷின்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. திருப்பூரைச் சுற்றி அது கிடைக்காத தெருவே இல்லை. சோப்புப் போட்டுக் கழுவும் ஃபாயில் ஷேவருக்கு வாரம் ஒரு சொட்டு போதும். எண்ணெய் தேவையில்லை என்று கையேட்டில் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

டிரிம்மரில் சீப்பு போன்ற இரண்டு பல்வரிசைகள். ஒன்று அசையாது, இன்னொன்று அதன் மேல் இடவலமாக உரசி ஓடும். திருகைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது ஓடும் வரிசை துளி வெளியே நீண்டுவிட்டால் தோலைக் கடிக்கும். அவசியமில்லாமல் அந்தத் திருகைத் தொட வேண்டாம்.

இத்தனை கவனமாக வைத்திருந்தாலும் பிளேடு நிரந்தரம் கிடையாது. சாணை பிடிப்பது என்றாலே உலோகம் தேய்வதுதான். ஒவ்வொரு சவரத்திலும் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கிறது. 'தானே கூர்மையாகும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஐந்தாறு வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. சுழல் ஷேவர் தலைகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், ஃபாயிலை ஒன்று, ஒன்றரை வருடத்திலும் மாற்றச் சொல்வது வழக்கம். ஃபாயிலை மாதம் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகளில் ஒன்று கிழிந்து இன்னொன்றோடு சேர்ந்திருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், அது கன்னத்தைக் கீறும். சுழல் தலைகளில் ஒன்று கெட்டாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

அப்புச்சியின் மிஷினுக்கு வருகிற தையோடு இரண்டு வருடம். மூன்று புதுத் தலைகளையும் வாங்கி வைத்துவிட்டேன்.