முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுக்கு கேமராவோட போறவங்களுக்கு, தண்ணி வத்துற நேரத்த பாத்து கிளம்புங்க

நம்ம டெல்டா பசங்க நெறைய பேரு பள்ளத்தாக்கு போட்டோ எடுக்கணும்னா ஒகேனக்கலுக்கு பஸ் ஏறுறாங்க, பரிசல்ல உக்காந்தா ரெண்டு பக்கமும் பாறைச் சுவரு, நடுவுல தண்ணி, மேல ஒரு துண்டு வானம், நல்ல இடம்தான், இல்லைங்கல. ஆனா அங்க பாறைய அறுத்துக்கிட்டு வர்ற அதே காவிரி நம்ம நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புங்கிற மதகுல பாமணியாறு, கோரையாறுன்னு பிரிஞ்சு போயி முத்துப்பேட்டையில கடல தொடுறப்போ இன்னொரு மாதிரி சுவரு கட்டி வச்சிருக்கு. இது மரத்தால ஆன சுவரு. அலையாத்தி மரம் ரெண்டு கரையிலயும் நெருக்கமா நிக்க, நடுவுல படகு போற வாய்க்கால், அத எடுக்கறது எப்படின்னு அஞ்சாறு வருசமா போயிட்டு வந்ததுல தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல அனுமதி. இது காப்புக்காடு, வனத்துறை ஆபீஸ்ல கேக்காம உள்ள போகக்கூடாது, போன் பண்ணி முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, ட்ரோன தனியா அனுமதி வாங்காம தூக்கிட்டே போகாதீங்க. படகு ஜாம்புவானோடை பக்கத்துலேர்ந்து கிளம்பும். அக்டோபர் மழை ஆரம்பிச்சதுலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் பறவைக்கு நல்ல நேரம், அதுலயும் மழை விட்ட பிறகு ஜனவரி எனக்கு ரொம்ப பிடிக்கும், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் எத்தன மணிக்கு வெளிச்சம் நல்லாருக்கும்னுதான் கேக்குறாங்க, நான் கேக்கச் சொல்றது கடல் ஏத்தவத்தத்துல தண்ணி எத்தன மணிக்கு வத்தும்னு. தண்ணி ஏறி நிக்கிறப்போ போனீங்கன்னா ரெண்டு பக்கமும் பச்சையா ஒரு வேலி தெரியும், அவ்ளோதான், முன்ன ஒரு தடவ அப்படி போயி மூணு மணி நேரம் சுத்தி உருப்படியா ஒரு படம் இல்லாம திரும்பினேன். அதே வாய்க்கால் வத்துறப்போ கரைச்சேறு வெளிய வருது, சேத்துலேர்ந்து விரல் விரலா ஆயிரக்கணக்குல மூச்சு வேர் நிக்குது, நண்டு வெளிய வருது, அத திங்க கொக்கும் உள்ளானும் எறங்குது. படகும் தண்ணியோட கீழ எறங்கிடுறதால சேத்துக்கரை உங்க கண்ணு மட்டத்துக்கு வந்துடும், படுத்து கெடந்து எடுக்க வேண்டிய படத்த உக்காந்துகிட்டே எடுக்கலாம். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டின நாள்ல ஏத்தமும் வத்தலும் அதிகம், அந்த நாளுங்கள்ல காலைல வத்துற மாதிரி அமைஞ்சா விடாதீங்க. போன்ல இந்த ஏத்தவத்த நேரம் (டைட்) பாக்குற ஆப் இருக்கு, ஆனா இங்க காத்தும் ஆத்துல வர்ற தண்ணியும் சேந்து கணக்க மாத்திடும், அதனால மொத நாள் சாயங்காலமே படகுக்கார அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. ரொம்ப வத்திட்டாலும் ஆபத்து, ஆறு கடல்ல சேர்ற எடத்துல இருக்குற காயல் ஆழம் கம்மி, படகு சேத்துல ஒக்காந்துடும்.

வெளிச்சத்த பத்தி ஒண்ணு. ஆறுங்க இங்க தெக்க பாத்து ஓடுது, குளிர்காலத்துல சூரியன் தென்கிழக்குல ஏறுது, அப்ப காலைல காயல பாத்து போறப்போ வெயில் உங்களுக்கு முன்னாடி இடது பக்கம் இருக்கும். நேர் எதிர்ல எடுத்தா மரமெல்லாம் கருப்பாயிடும், வலது கரையில வெயில் விழுது பாருங்க, அங்க பறவைய எடுங்க, இல்லன்னா படகுல திரும்பி உக்காந்து வந்த வழிய எடுங்க, வெயில் உங்க முதுகுப் பக்கம் வந்துடும், படம் அழகா கெடைக்கும். வெயில் ஏற ஏற தண்ணி மேல பளபளப்பு கண்ண கூசும், போலரைசர் ஃபில்டர் இருந்தா மெதுவா திருப்பி பாருங்க, எலையோட பச்சையும் தண்ணிக்கு அடியில சேறும் தெரிய ஆரம்பிக்கும்.

செட்டிங்ஸ் பெரிய வித்தையெல்லாம் இல்ல. ஷட்டர் ஸ்பீடு நிக்கிற பறவைக்கு 1/1000, பறக்குறதுக்கு 1/2000, ஐஎஸ்ஓவ ஆட்டோல விடுங்க, புள்ளி புள்ளியா கொஞ்சம் கிரெயின் வந்தா பரவால்ல, படகு ஆட்டத்துல மங்கிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளக்கொக்கு கருஞ்சேத்துல நிக்கிறப்போ கேமரா சேத்த பாத்து ஏமாந்து வெளிச்சத்த கூட்டிடும், கொக்கு சுண்ணாம்பு மாதிரி வெந்து போயிடும், அதுக்கு எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் (-1) கொறைங்க. லென்ஸ படகு விளிம்புல வச்சு எடுக்காதீங்க, என்ஜின் அதிர்வு முழுக்க அதுல எறங்கும், முழங்கைய தொடையில ஊனிக்கங்க. 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் போதும், போன்தான் இருக்குன்னாலும் வாங்க, வாய்க்காலையும் வேரையும் போன்லயே பிரமாதமா எடுக்கலாம்.

எல்லாத்தையும் விட பெரிய செட்டிங் என்ஜின நிறுத்தறது. கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, "அண்ணே, ஒரு எடத்துல அரை மணி நேரம் நிப்போம், அதுக்கும் சேத்து காசு தர்றேன்"னு. என்ஜின் நின்ன மொத அஞ்சு நிமிசம் எதுவும் இருக்காது. அப்பறம் சேத்துல ஒரு கொடுக்கு மட்டும் பெருசா இருக்குற சின்ன நண்டு ஒண்ணு வளையிலேர்ந்து எட்டிப் பாக்கும், பின்னாடியே நூறு வரும், அந்த ஒத்தக் கொடுக்க மேல தூக்கி தூக்கி எறக்கும், ஆண் நண்டுக்குத்தான் அது. பக்கத்துல சேத்து மேலயே தவ்வுற மீனு, விரல் நீளம்தான், கண்ணு ரெண்டும் தலை உச்சியில முழிச்சிக்கிட்டு, முன் துடுப்ப கை மாதிரி ஊனி ஊனி ஏறும், ஒடம்பு காயாம இருக்க அப்பப்ப ஈரத்துல ஒரு பொரள் பொரண்டுக்கும். அந்த பொரளலுக்காக நான் ஒரு நாள் நாப்பது நிமிசம் காத்திருந்தேன், அந்த படம் இப்பவும் எங்க வீட்டு கூடத்துல மாட்டியிருக்கு.

கரையோரம் படகு நிக்கிறப்போ அலையாத்தி எலை ஒண்ண கைல தொட்டு பாருங்க, மேல பொடிப்பொடியா உப்பு, மரம் உறிஞ்சுன உப்ப எலை வழியா தள்ளிடுது, ரொம்ப கிட்ட வச்சு எடுக்குற மேக்ரோ லென்ஸ் இருந்தா சாய்ஞ்ச வெயில்ல அந்த உப்புக்கல்லு மின்னும். ஆனா தெரியாத மரத்த தொடாதீங்க, கொப்ப ஒடிக்கவே ஒடிக்காதீங்க, தில்லை மரமும் இதுக்குள்ள இருக்கு. சிதம்பரத்துக்கு தலமரம் அது, நமக்கெல்லாம் புனிதம்தான், ஆனா அதோட பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.

அப்பறம் பூநாரை, அதான் ஃபிளமிங்கோ. இத சொல்லியே ஆகணும். ரெண்டு வருசம் முன்னாடி காயல்ல தூரத்துல கூட்டமா மேய்ஞ்சிட்டு இருந்துச்சு, பறக்குறப்போ ரெக்கையில அந்த ரோஸ் கலர் தெரியும்ல, அதுக்காக "அண்ணே இன்னும் கிட்ட விடுங்க, எழும்பட்டும்"னேன். அவரு என்ஜின அணைச்சிட்டு சொன்னாரு, "தம்பி, அது ரொம்ப தூரத்துலேர்ந்து எர திங்க வந்துருக்கு, படம் புடிக்கிறதுக்காக எழுப்பி வுடாதீங்க"ன்னு. அன்னைலேர்ந்து நான் எந்த பறவையையும் எழுப்பறதில்ல. காத்திருந்தா அதுவா எடம் மாறும், அப்ப எடுங்க. பறவைங்க மேய்ச்சல விட்டுட்டு எல்லாம் ஒரே பக்கம் தலைய தூக்கி பாக்க ஆரம்பிச்சா நீங்க அளவுக்கு மீறி கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம், அங்கயே நில்லுங்க.

ரெண்டாவது நாள் இருந்தா வேதாரண்யம் வழியா கோடியக்கரை போங்க, உப்பளத்த தாண்டி போற அந்த ரோடே தனி அழகு. 1967லேர்ந்து சரணாலயம், வெளிமானுக்காகவே வச்சது. ஆண் மான் கருப்பா முறுக்குக் கொம்போட இருக்கும், பெண் மான் வெளிர் பழுப்பு. புல்வெளில வண்டிய விட்டு எறங்காதீங்க, எறங்கினா மான் போயிடும், வண்டிக்குள்ளேர்ந்தே ஜன்னல்ல ஒரு துண்டு மடிச்சு வச்சு லென்ஸ ஊனிக்கங்க.

வீட்டுக்கு வந்ததும் படத்த பாக்க ஒக்காராதீங்க, மொதல்ல கேமராவ தொடைங்க. உப்புக்காத்து கண்ணுக்கு தெரியாம படிஞ்சிருக்கும், சுத்தமான துணிய நல்ல தண்ணில நனைச்சு நல்லா புழிஞ்சு பாடிய தொடச்சு, அப்பறம் காஞ்ச துணியால ஒரு தடவ, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல ராத்திரி முழுக்க வச்சிருங்க. செருப்ப மட்டும் வாசல்லயே கழட்டிடுங்க, அந்தச் சேறு காஞ்சா அம்மா கூட்டி முடிக்க ரெண்டு நாளாகும்.